கோலைக் கொடுத்த கை



ஆயரின் கையிலிருக்கும் கோலைப் பற்றி ஒரு மாலை முழுக்கப் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைத்திருக்கலாம். ஆடு மேய்ப்பவருக்குக் கோல் உண்டு. ஆயர் மக்களை மேய்ப்பவர். ஆகவே அவருக்கும் ஒரு கோல். மறைக்கல்வி வகுப்பில் படிக்கும் பிள்ளைகூட இந்த விடையைச் சொல்லிவிடும். விடையில் தவறில்லை. ஆனால் இதோடு நின்றுவிட்டால், இந்தக் கோலின் பொருட்டு ஒரு பேரரசர் திருத்தந்தையையே பிடித்துச் சிறைவைத்தது ஏன் என்பது விளங்காது. டப்ளின் நகரில் ஒரு கோலை ஊரறியக் கொளுத்தியது ஏன், மாஸ்கோவில் பதவியை விட்டுப்போன ஒரு மறைமுதுவர் இரவில் வந்து கோலை எடுத்துக்கொண்டு போனது ஏன், இவையும் விளங்கா.

நான் சொல்ல வந்தது இதுதான். இந்தக் கோலின் பொருளை அதன் வளைவில் தேடியவர்கள் பலர். அதைக் கொடுக்கும் கையில் தேடினால் இன்னும் நிறையக் கிடைக்கும். யார் கொடுக்கலாம், யார் திரும்பக் கேட்கலாம், வைத்திருப்பவர் எப்போது அதைக் கீழே வைக்க வேண்டும்? ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக வழக்கு இதைப் பற்றித்தான்.

தொடங்கும் முன் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் ஊர்க் கத்தோலிக்கக் கோவில்களில் இதைச் செங்கோல் என்பதே பழக்கம். இன்றைய பேச்சில் மன்னரின் கோலும் வரப்போகிறது. அதனால் செங்கோலை மன்னருக்கே விட்டுவிட்டு, இதை ஆயர் கோல் என்று சொல்லப்போகிறேன்.

முதல் நூற்றாண்டுகளின் ஆயர்கள் கையில் இப்படியொரு சடங்குக்கோல் இருந்ததற்குச் சான்று இல்லை. விவிலியத்தில் கோல்கள் நிறைய உண்டு. மோசேயின் கையில் பாம்பாக மாறிய கோல் உண்டு, ஆரோனின் துளிர்த்த கோல் உண்டு, திருப்பாடலில் தாவீது ஆறுதல் என்று பாடும் ஆயனின் கோலும் உண்டு. ஆனால் இயேசு தம் சீடர்களை ஊர் ஊராக அனுப்பியபோது கைத்தடி பற்றி என்ன சொன்னார் என்பதில் நற்செய்தியாளர்களே ஒத்துப்போகவில்லை. கைத்தடியைத் தவிர வேறெதையும் எடுத்துச்செல்ல வேண்டாம் என்கிறார் மாற்கு. கைத்தடியும் வேண்டாம் என்கிறார்கள் மத்தேயுவும் லூக்காவும். விரிவுரையாளர்கள் இதைச் சரிக்கட்டப் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். மூவரிடமும் அது நடந்துபோகிறவனின் தடிதான், அதிகாரத்தின் கோல் அல்ல என்பது மட்டும் தெளிவு.

ஆயர் கோலின் பழைய வடிவங்களும் இதையே சொல்கின்றன. இன்று நாம் காணும் சுருள்வளைவு தொடக்கத்தில் பல வடிவங்களில் ஒன்றாக மட்டுமே இருந்தது. சில கோல்களின் உச்சியில் ஓர் உருண்டை இருந்தது. வேறு சில கோல்களில் மேலே ஒரு குறுக்குக்கட்டை, கிரேக்கத்தின் ‘தௌ’ எழுத்தைப் போல. முதியவர் ஊன்றி நடக்கவும், நீண்ட வழிபாட்டில் நின்றுகொண்டே சற்றுச் சாய்ந்துகொள்ளவும் அது உதவும். ஊன்றுகோல் முதலில் வந்தது, மேய்ப்பர் விளக்கம் அதன்மேல் பிறகு ஏறியது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. உரோமையின் நிமித்திகர் வைத்திருந்த வளைந்த கோலிலிருந்து வந்தது என்று சொல்வாரும் உண்டு. வடிவ ஒற்றுமையைத் தவிர அதற்கு ஆதாரம் கிடையாது.

எழுத்தில் உறுதியான சான்று 7ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் கிடைக்கிறது. செவில் நகர ஆயர் இசிதோர், ஆயராகத் திருநிலைப்படுத்தப்படுபவருக்குக் கோல் தரப்படுவதைக் குறிப்பிட்டு, மக்களை நடத்தவும் திருத்தவும், தளர்ந்தவர்களைத் தாங்கவும் அது தரப்படுகிறது என்று காரணம் சொல்கிறார். அந்த இசிதோர் தலைமையில் 633இல் கூடிய நான்காம் தொலேதோ சங்கத்தின் ஒரு விதி இதைவிடச் சுவையானது. ஓர் ஆயர் அநியாயமாகப் பதவி நீக்கப்பட்டு, பிறகு குற்றமற்றவர் என்று தெரிந்தால் என்ன செய்வது? அவர் பழைய நிலைக்குத் திரும்பியதாக வாயால் அறிவித்தால் போதாது. பலிபீடத்தின் முன், ஆயர்களின் கையிலிருந்து, தோள்துகிலையும் மோதிரத்தையும் கோலையும் மறுபடி வாங்கிக்கொள்ள வேண்டும். கோலைப் பற்றிய மிகப் பழைய சட்டங்களில் ஒன்று, அது பறிபோய்த் திரும்புவதைப் பற்றிப் பேசுகிறது! இந்தப் பொருள் ஒருவருக்குச் சொந்தமாவதில்லை, அவரிடம் ஒப்படைக்கப்படுகிறது என்ற எண்ணம் அப்போதே இருந்திருக்கிறது.

வடிவத்தின் உட்பொருளைப் பற்றி இடைக்கால எழுத்தாளர்கள் சளைக்காமல் எழுதினார்கள். 13ஆம் நூற்றாண்டில் மாந்து நகர ஆயர் துராந்துஸ் எழுதிய வழிபாட்டு விளக்கநூல் இதற்கெல்லாம் களஞ்சியம். மேலேயுள்ள வளைவு விலகிப்போகிறவர்களை இழுத்துச் சேர்க்க, நேரான நடுப்பகுதி தாங்கி நடத்த, கூரான அடிப்பகுதி சோம்பிக் கிடப்பவர்களைக் குத்தி எழுப்ப என்பது அக்காலத்தின் பொதுவான விளக்கம். அழகாக இருக்கிறது, ஆனால் செய்து முடித்த பொருளுக்குப் பிறகு கண்டுபிடித்த காரணம் என்பது பார்த்தவுடன் தெரிகிறது. நம் ஆட்டுக்காரர் கையிலிருக்கும் தொரட்டி கிளையை வளைத்துத் தழை பறிக்கத்தான். ஐரோப்பிய இடையரின் கொக்கியோ ஆட்டின் காலையோ கழுத்தையோ பற்றி நிறுத்த. இறையியலாளர்கள் நம் ஊரில் இருந்திருந்தால் வளைவுக்கு வேறு விளக்கம் எழுதியிருப்பார்கள்.

கைவினைஞர்களுக்கு அந்த வளைவு வேறுவிதத்தில் பயன்பட்டது. சுருளுக்கு நடுவே கிடைக்கும் வட்ட இடைவெளி ஒரு சின்ன மேடை. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் பிரான்சின் லிமோஜ் பட்டறைகள் செம்பில் நீல எனாமல் பதித்து ஆயர் கோல்களின் தலைப்பகுதியைச் செய்து ஐரோப்பா முழுவதும் அனுப்பின. சுருளே பாம்பாக நெளியும். நடுவில் மரியாவுக்கு வானதூதர் செய்தி சொல்லும் காட்சியோ, மிக்கேல் தூதர் நாகத்தைக் குத்தும் காட்சியோ இருக்கும். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1831இல் கிடைத்த 12ஆம் நூற்றாண்டுச் சதுரங்கக் காய்களில் ஆயர்களும் இருக்கிறார்கள். வால்ரஸ் என்ற கடல்விலங்கின் தந்தத்தில் செதுக்கிய குட்டிக்குட்டி ஆயர்கள், கையில் கோலோடு. இந்தியாவிலிருந்து புறப்பட்டபோது யானையாக இருந்த காய் அது. வடக்கே போய்ச் சேருவதற்குள் கோல் பிடித்த ஆயராகிவிட்டது. கோல்கள் பொன்னாக மாறமாற, முன்பு கோல் மரம், ஆயர் பொன்; இப்போது கோல் பொன், ஆயர் மரம் என்ற பொருளில் பிரான்சில் ஒரு கேலியும் எழுந்தது.

இனி அயர்லாந்துக்குப் போவோம். கோல் என்பது பதவியின் அடையாளமா, பதவியேதானா என்ற கேள்வியை அந்த நாடு எழுப்பியதுபோல வேறு எந்த நாடும் எழுப்பவில்லை.

அர்மா நகரில் ‘இயேசுவின் கோல்’ என்று ஒன்று இருந்தது. இயேசுவே தம் கையில் வைத்திருந்து புனித பேட்ரிக்குக்குச் சேரும்படி செய்தார் என்பது மக்கள் நம்பிக்கை. பொன்னும் மணியும் இழைத்து மூடியிருந்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் மலாக்கி என்ற சீர்திருத்தவாதி அர்மாவின் பேராயரானபோது, பரம்பரையாக அந்தப் பதவியை அனுபவித்துவந்த குடும்பத்தைச் சேர்ந்த நியல் என்பவர் பேட்ரிக்கின் நற்செய்தி நூலையும் இந்தக் கோலையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மலாக்கியின் வரலாற்றை எழுதிய கிளேர்வோ பெர்நார்து இதைச் சொல்லும்போது எரிச்சலை மறைக்கவில்லை. இந்த இரண்டும் எவர் கையில் இருக்கின்றனவோ அவரே ஆயர் என்று நம்பும் அளவுக்கு மக்கள் அறிவற்றிருந்தார்கள் என்கிறார். முறைப்படி பதவியேற்றவர் ஒருவர், கோலை வைத்திருப்பவர் வேறொருவர். மக்கள் கோலின் பின்னால் போனார்கள்! பெர்நார்து போன்ற மேதைக்கு அது மூடத்தனமாகத் தெரிந்தது சரிதான். ஆனால் பதவி என்ற கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கண்ணுக்குத் தெரியும் ஒன்றில் ஏற்றிவைத்தது திருச்சபையே. பிறகு மக்கள் கண்ணை நம்பியதற்கு அவர்களைக் கோபித்துப் பயனில்லை. மலாக்கி கடைசியில் கோலை மீட்டார். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் அது டப்ளினுக்குப் போயிற்று. 1538இல், எட்டாம் ஹென்றியின் ஆட்சியில், மூடநம்பிக்கைச் சின்னம் என்று பொதுவிடத்தில் எரித்துவிட்டார்கள்.

எரியாமல் தப்பியவை சில. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஸ்காட்லாந்தின் புனித ஃபில்லன் கோல். டியூவர் என்ற குடும்பத்தார் அதன் பரம்பரைக் காவலர்கள். 1428இல் நடந்த ஒரு விசாரணையின் பதிவு, அந்தக் காவலரின் கடமையைச் சொல்கிறது. கிளென்டோகார்ட் பகுதியில் எவருடைய மாடாவது களவுபோனால், அவர் கோல் காவலரிடம் வந்து நான்கு காசோ ஒரு சோடி செருப்போ கொடுத்து, முதல் இரவுச் சாப்பாட்டையும் கொடுத்தால், காவலர் ஸ்காட்லாந்து முழுவதும் அந்த மாட்டைத் தேடிப் போக வேண்டும். மேய்ப்பரின் கோல் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள்; இங்கே அது உண்மையாகவே மாட்டைத் தேடிப் போயிருக்கிறது. 1818இல் அந்தக் குடும்பம் கனடாவுக்குக் குடிபெயர்ந்தபோது கோலும் கப்பலேறியது. அங்கே குடியேறிய ஸ்காட்லாந்துக்காரர்கள், கோலை நனைத்த தண்ணீரைத் தங்கள் மாடுகளின் நோய்க்கு மருந்தாகக் கேட்டு வாங்கிப் போனார்கள். 1877இல் அது எடின்பரோவுக்குத் திரும்பிவந்தது. இப்போது அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இனி பெரிய சண்டைக்கு வருகிறேன். இதில் சற்று நேரம் தங்க வேண்டும்.

11ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் ஆயர் என்றால் நிலம், கோட்டை, படை, வரி எல்லாம் உள்ள பெருந்தலைவர். மன்னருக்கு அப்படிப்பட்டவர்மேல் பிடி வேண்டும். ஓர் ஆயர் இறந்தால் அவருடைய மோதிரத்தையும் கோலையும் மன்னரின் அவைக்குக் கொண்டுபோவார்கள். அடுத்தவரை மன்னர் தேர்ந்து, அவர் கையில் அந்தக் கோலைக் கொடுப்பார். திருநிலைப்பாடு பிறகுதான். 1058 வாக்கில் கர்தினால் உம்பெர்த்தோ இதைக் கண்டித்து எழுதினார். மேய்ப்புப் பணியின் அடையாளத்தைக் கொடுக்கப் பொதுநிலையினர் யார் என்பது அவர் கேள்வி. கோலை முதலில் அரசர் கையிலிருந்து வாங்கிவிட்டவருக்குப் பேராயர் பிறகு கொடுக்க என்ன மிச்சம்?

திருத்தந்தை ஏழாம் கிரகோரி இந்தக் கேள்வியைக் கொள்கையாக்கினார். பொதுநிலையினர் கோலும் மோதிரமும் கொடுப்பதைத் தடை செய்தார். மன்னர் நான்காம் ஹென்றி பணியவில்லை. சபைநீக்கம், பிறகு 1077 சனவரியில் கனோசா கோட்டை வாசலில் பனியில் மூன்று நாள் காத்துநின்றது, மன்னிப்பு, மறுபடி பகை. பாடநூலில் இருப்பதால் விரைந்து கடக்கிறேன். நான் சொல்ல விரும்புவது அவர் மகன் ஐந்தாம் ஹென்றியைப் பற்றி. 1111இல் அவர் உரோமைக்குப் படையோடு வந்து, திருத்தந்தை இரண்டாம் பாஸ்காலைப் பிடித்துச் சிறைவைத்தார். இரண்டு மாதம் போல வைத்திருந்தார். கோலும் மோதிரமும் கொடுக்கும் உரிமை பேரரசருக்கே என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் விட்டார். மறு ஆண்டு சங்கம் கூடி அந்தச் சலுகையைச் செல்லாது என்றது.

இதே காலத்தில் இங்கிலாந்தில் நடந்ததை, காண்டர்பரிப் பேராயர் அன்செல்மின் உதவியாளர் ஈட்மர் எழுதிவைத்திருக்கிறார். 1093 மார்ச் மாதம், குளோஸ்டர் நகரில் மன்னர் இரண்டாம் வில்லியம் சாகக் கிடக்கிறார். நான்கு ஆண்டாகக் காண்டர்பரிக்குப் பேராயர் இல்லை. அந்த வருமானத்தை மன்னரே அனுபவித்துக்கொண்டிருந்தார். சாவு பயம் வந்ததும், மடாதிபதி அன்செல்மைப் பேராயராக்குகிறேன் என்கிறார். அன்செல்ம் பெரிய சிந்தனையாளர், அறுபதை நெருங்குகிறவர். வேண்டவே வேண்டாம் என்கிறார். ஆயர்கள் அவரைப் படுக்கையருகே இழுத்துப் போகிறார்கள். மன்னர் கோலை நீட்டுகிறார். அன்செல்ம் கையை முட்டியாக மூடிக்கொள்கிறார். ஆயர்கள் விரல்களைப் பிரிக்க முயல்கிறார்கள். அவர் வலியில் கத்துகிறார். ஆட்காட்டி விரலை மட்டும் சற்று நிமிர்த்த முடிகிறது. அதுவும் மறுபடி மடிந்துவிடுகிறது. கடைசியில் மூடிய கையின்மேல் கோலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்கிறார்கள். கூடியிருந்தவர்கள் ‘ஆயர் வாழ்க’ என்று முழங்குகிறார்கள்.

சிரிப்பதா வருந்துவதா என்று தெரியாத காட்சி. ஆனால் அன்று அங்கே இருந்த எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரிந்திருந்தது: கோல் உடம்பில் பட்டுவிட்டால் வேலை முடிந்தது. மன்னர் பிழைத்துக்கொண்டார். அன்செல்மின் வாழ்வு மன்னர்களோடு வழக்காகவே கழிந்தது. இருமுறை நாட்டைவிட்டுப் போனார். 1107இல் லண்டனில் அடுத்த மன்னர் முதலாம் ஹென்றி சமரசத்துக்கு வந்தார். கோலும் மோதிரமும் கொடுப்பதை விடுகிறேன், ஆனால் ஆயர்கள் தம் நிலங்களுக்காக எனக்குப் பணிவுறுதி சொல்ல வேண்டும் என்றார்.

ஜெர்மனியில் தீர்வு 1122 செப்டம்பர் 23 அன்று வோர்ம்ஸ் நகரில் வந்தது. பேரரசர் ஐந்தாம் ஹென்றி எழுதிக்கொடுத்த ஓலை இன்றும் வத்திக்கான் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. மோதிரமும் கோலும் கொடுப்பதை அவர் கைவிடுகிறார். அதற்குப் பதிலாகத் திருத்தந்தை இரண்டாம் கலிஸ்து, ஆயருக்குரிய நிலமும் உலகியல் உரிமைகளும் செங்கோலால் வழங்கப்படலாம் என்று ஒப்புக்கொள்கிறார். ஜெர்மனியில் திருநிலைப்பாட்டுக்கு முன்பே செங்கோல்; இத்தாலியிலும் பர்கண்டியிலும் திருநிலைப்பாட்டுக்குப் பின் ஆறு மாதத்துக்குள். ஐம்பது ஆண்டுச் சண்டை, சபைநீக்கங்கள், எதிர்த் திருத்தந்தையர், போர்கள். முடிவில் கண்டது இவ்வளவுதான்: ஒரே ஆளுக்கு இரண்டு கோலால் இரண்டு விதமான உரிமை, இரண்டு கையிலிருந்து. இதை வெறும் ஒப்பந்தத் தந்திரம் என்று சிலர் தள்ளிவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அரசுக்குரியது எது, சமயத்துக்குரியது எது என்று பிரித்துப் பார்க்க ஐரோப்பா பழகிக்கொண்டது இந்த இரண்டு கோல்களை வைத்துத்தான்.

மன்னர்கள் எளிதில் மறக்கவுமில்லை. வூஸ்டர் ஆயர் வுல்ஃப்ஸ்தானைப் பற்றி ஒரு கதை உண்டு. நார்மன் வெற்றிக்குப் பிறகு, கல்வி போதாது என்று சொல்லி அந்தப் பழைய ஆங்கில ஆயரின் கோலைத் திருப்பிக் கேட்டார்களாம். கொடுத்தவரிடமே கொடுக்கிறேன் என்று அவர் மன்னர் எட்வர்டின் கல்லறைக்குப் போய்க் கோலைக் கல்லில் ஊன்றினாராம். பேராயர் உட்பட எவராலும் அதைப் பிடுங்க முடியவில்லை. வுல்ஃப்ஸ்தான் தொட்டதும் வந்துவிட்டது. புனிதரின் பெருமைக்கு எழுந்த கதை. ஆனால் 1211இல், திருத்தந்தையின் தூதரோடு வாதாடிய மன்னர் ஜான் இந்தக் கதையையே தம் சான்றாக எடுத்துவைத்தார். வுல்ஃப்ஸ்தானுக்குக் கோல் கொடுத்தது ஒரு மன்னர்தானே என்றார். வக்கீல் புத்தி! அந்த ஜான் 1216இல் இறந்தபோது வூஸ்டரில் வுல்ஃப்ஸ்தானின் கல்லறையருகே அடக்கம் செய்யப்பட்டார்.

இவ்வளவு சண்டைக்கு நடுவே திருத்தந்தையின் கையில் என்ன இருந்தது? வளைந்த கோல் இல்லை. உரோமை ஆயர் கோல் பிடிப்பதில்லை என்று திருத்தந்தை மூன்றாம் இன்னசெந்து எழுதினார்; காரணமாக ஒரு பழங்கதையைச் சொன்னார். பேதுரு தம் சீடர்களை வடக்கே அனுப்பினார். வழியில் ஒருவர் இறந்துபோனார். பேதுரு தம் கோலைக் கொடுத்தனுப்பினார். அது பட்டதும் இறந்தவர் எழுந்தார். அந்தக் கோல் ட்ரியர் நகரிலேயே தங்கிவிட்டது. அதற்கென்று 980இல் ட்ரியர் பேராயர் எக்பெர்ட் செய்வித்த பொன் உறை இன்று ஜெர்மனியின் லிம்புர்க் பேராலயக் கருவூலத்தில் இருக்கிறது. தாமஸ் அக்குவினா இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, ட்ரியர் மறைமாவட்டத்துக்குள் மட்டும் திருத்தந்தை கோல் பிடிப்பார் என்கிறார். பிறகு இன்னொரு காரணமும் தருகிறார்: கோலின் வளைவு எல்லைக்குட்பட்ட அதிகாரத்தின் குறி, திருத்தந்தைக்கு அந்த எல்லை இல்லை. எனக்கு அவருடைய இரண்டாம் காரணம்தான் கருத்துக்குரியதாகப் படுகிறது. கொடுப்பதற்கு மேலே ஒரு கை இல்லாதவர் எவரிடமிருந்து வாங்குவார்?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் முடிந்தபோது ஆறாம் பவுல், சிற்பி லெல்லோ ஸ்கொர்செல்லி செய்த சிலுவைக்கோலை எடுத்துக்கொண்டார். சுருள்வளைவு அதிலும் கிடையாது. மேலே சிலுவையில் தொங்கும் இயேசு, பாரத்தால் தாழ்ந்த குறுக்குக்கட்டை. இரண்டாம் யோவான் பவுலின் படங்களில் நாம் பார்த்துப் பழகிய கோல் அதுதான். 2013 சூலையில் பிரான்சிஸ் லம்பேதுசா தீவுக்குப் போனபோது பிடித்திருந்தது வேறு. ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த அகதிகளின் உடைந்த படகு மரத்தில் அந்தத் தீவின் தச்சர் செய்துகொடுத்த கோல் அது. திருத்தந்தைக்குக் கோல் கொடுக்க மேலே கை இல்லை என்றேன். அன்று கீழேயிருந்து ஒரு கை கொடுத்தது.

கிழக்குத் திருச்சபைகளில் கோலின் தோற்றம் வேறு. குறுக்குக்கட்டை வடிவம் அங்கே நிலைத்துவிட்டது. அல்லது இரண்டு பாம்புகள் தலைதூக்கி எதிரெதிரே பார்க்க, நடுவில் சிலுவை நிற்கும். கேரளத்தின் மலங்கரை சிரியன் ஆயர்கள் கையில் பாம்புக்கோலைக் கண்டு திகைத்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் உண்டு. பாலைவனத்தில் மோசே உயர்த்திய வெண்கலப் பாம்பு ஒரு விளக்கம். பாம்புகளைப் போல விவேகமாயிருங்கள் என்ற இயேசுவின் சொல் இன்னொரு விளக்கம். அந்தச் சொல் வருவது மத்தேயு 10ஆம் அதிகாரத்தில். கைத்தடி வேண்டாம் என்று சொல்லும் அதிகாரமும் அதுதான்!

ரஷ்யாவில், 1326இல் இறந்த மாநகரப் பேராயர் பேதுருவின் கோல் மாஸ்கோ பீடத்தின் சின்னம். 1658இல் மறைமுதுவர் நிக்கோன் மன்னரோடு மனம் கசந்து, பேராலயத்தில் மக்கள் முன்னே அந்தக் கோலை வைத்துவிட்டு மடத்துக்குப் போய்விட்டார். பதவி விலகினாரா இல்லையா என்று எவருக்கும் தெரியவில்லை. 1664 திசம்பரில் ஓர் இரவு, வழிபாடு நடக்கும்போது திடீரென்று பேராலயத்துக்குள் வந்து கோலைக் கையில் எடுத்தார். போகச் சொன்னார்கள், கோலோடு போனார். மன்னர் ஆளனுப்பித் திரும்ப வாங்கினார். 1666இல் சங்கம் அவரைப் பதவி நீக்கியது. தானே வைத்த கோலைத் தானே எடுத்துக்கொள்ள முடியாது என்பதைத் தொலேதோ ஆயர்கள் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே சட்டமாக எழுதிவிட்டார்கள். 2009இல் மறைமுதுவர் கிரில் பதவியேற்றபோதும் பேதுருவின் கோல் அவரிடம் அளிக்கப்பட்டது.

சீர்திருத்தச் சபைகளில் கோலின் கதை சிறியது. இங்கிலாந்தில் 1550ஆம் ஆண்டுத் திருநிலைப்பாட்டு முறையில் புதிய ஆயர் கையில் கோல் கொடுக்கும் சடங்கு இருந்தது. 1552இல் அதை எடுத்துவிட்டு விவிலியத்தை மட்டும் கொடுத்தார்கள். ஆனால் கோல் கொடுக்கும்போது சொன்ன சொற்களை, மந்தைக்கு மேய்ப்பனாக இரு, ஓநாயாக இராதே என்ற கருத்துள்ளவற்றை, அப்படியே விவிலியத்தோடு சேர்த்துக்கொண்டார்கள். கோல் போயிற்று, அதற்குரிய சொல் தங்கிற்று. 19ஆம் நூற்றாண்டில் கோலும் மெல்லத் திரும்பிவந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் பிறந்த தென்னிந்தியத் திருச்சபை ஆயர் பதவியையும் ஏற்றுக்கொண்டது. 2013இல் அச்சபையின் நந்தியால் ஆயராக எக்கோனி புஷ்பலலிதா பொறுப்பேற்றார். இங்கிலாந்துத் திருச்சபையில் முதல் பெண் ஆயர் வந்தது 2015இல். பெண் கையில் கோலா என்று வியந்தவர்கள், இடைக்காலப் பெண் மடாதிபதிகள் நூற்றாண்டுக்கணக்காகக் கோல் பிடித்திருந்ததை அறியாதவர்கள்.

இன்றைய கத்தோலிக்க விதிகளை ஒருமுறை கவனமாகப் படித்தால், கோலைப் பிடிப்பதற்கு எவ்வளவு விதியோ, பிடிக்காமல் இருப்பதற்கும் அவ்வளவு இருப்பது தெரியும். திருநிலைப்பாட்டில் தலையில் எண்ணெய் பூசி, நற்செய்தி நூல் கொடுத்து, மோதிரம் அணிவித்து, தலைச்சீரா சூட்டி, கடைசியாகத்தான் கோல் வரும். இடக்கையில் பிடிக்க வேண்டும்; வளைவு மக்களைப் பார்த்திருக்க வேண்டும். மடாதிபதிகள் வளைவைத் தம்மை நோக்கித் திருப்பிப் பிடிக்க வேண்டும் என்று பலர் சொல்வது வெறும் செவிவழிச் செய்தி, விதி அல்ல. இன்னொரு மறைமாவட்டத்துக்குள் போனால் அங்குள்ள ஆயரின் இசைவு வேண்டும். பல ஆயர்கள் கூடிய வழிபாட்டில் தலைமை தாங்குபவர் மட்டுமே கோல் பிடிப்பார். நற்செய்தி வாசிக்கும்போது கையில் இருக்கும். நற்கருணை மன்றாட்டின்போது இருக்காது. தலையில் கைவைத்து அருள் வேண்டும்போது இருக்காது. பெரிய வெள்ளியன்று முற்றிலும் இல்லை. எழுபத்தைந்து வயது நிறைந்ததும் பதவி விலகல் கடிதம் எழுத வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அயர்லாந்தின் லிஸ்மோர் கோட்டையில் 1814இல், சுவர் வைத்து அடைத்திருந்த ஒரு வாசலுக்குள் ஓர் ஆயர் கோல் கிடைத்தது. 1100ஐ ஒட்டிச் செய்தது. அதில் இரண்டு பெயர்கள் பொறித்திருக்கின்றன. ஒன்று செய்யச்சொன்ன ஆயர் நியல் (அர்மாவில் கோலைத் தூக்கிப்போனவர் அல்ல), மற்றது செய்த கைவினைஞர் நெக்தன். தொள்ளாயிரம் ஆண்டுக்குப் பின்னும் அந்தக் கைவினைஞரின் பெயர் நமக்குத் தெரிகிறது. உங்கள் மறைமாவட்டத்தில், உங்கள் பேராயத்தில், பழைய கோல் ஏதேனும் அலமாரிக்குள் இருந்தால், யார் செய்தது, எந்த மரம், யார் செலவு, எவர் கையிலிருந்து எவர் கைக்குப் போனது என்று தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். படமும் எடுத்துச் சேர்த்து வையுங்கள். இதற்குப் பெரிய செலவு ஆகாது.